மரக்குற்றி வீட்டில் நாங்கள் கூடிய கதை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் கனடாக் கிளையின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



கனடாக் கிளையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் வந்திருக்கிறோம். வெளிநாட்டுக் கிளைகள் இந்த மேடைக்கு வந்தால் எவ்வளவு அனுப்பினோம், எதற்கு அனுப்பினோம் என்று பட்டியல் வாசிப்பது வழக்கம். அந்தப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம். நாங்கள் வந்தது வேறொன்றுக்கு. சென்ற பொதுக்கூட்டத்தில் எங்களைப் பற்றி ஒரு கேள்வி எழுந்ததாக அறிந்தோம். "ரொறன்ரோக்காரர் வருடாந்த டின்னரை ஏன் நிறுத்தினவை? எங்கேயோ ஒரு மரக்கொட்டிலுக்குள்ளே கூடுகினமாமே, கல்லூரியின் பெயருக்கு அது அழகோ?" என்று ஓர் அக்கா கேட்டாராம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவும், பதிலின் முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கவும்தான் இந்த உரை.

டின்னர் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். நல்ல காலத்தில் அது நன்றாகத்தான் நடந்தது. ஸ்காபரோவில் பெரிய மண்டபம், மேசைக்குப் பத்துப் பேர், மேடையில் மாலைகள், பிறகு பாட்டு, ஆட்டம். ஆனால் மண்டபக்காரர் குறைந்தது 300 சாப்பாட்டுக்குக் காசு கட்டச் சொல்லுவார். அந்த 300 ரிக்கற்றை விற்பதே மூன்று மாத வேலை. விற்கத் தெரிந்தவர்களே நிர்வாகசபைக்கு வந்தார்கள். வாங்கக்கூடியவர்களே விழாவுக்கு வந்தார்கள். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, மலர், நினைவுச் சின்னம் எல்லாம் கழிந்தபின் கல்லூரிக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதைப் பொருளாளர் ஒவ்வொரு வருடமும் மெல்லிய குரலில்தான் வாசிப்பார்.

யார் வராமல் விட்டார்கள் என்று நாங்கள் வெகுகாலம் கணக்கெடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கணவரை இழந்த அக்காமார், இரவில் கார் ஓட்ட முடியாதவர்கள், பிள்ளைகளிடம் "கொண்டுபோய் விடு" என்று கேட்கக் கூசுகிறவர்கள், தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர்கள், விவாகரத்தான தங்கையர், கலியாணம் கட்டாமல் தாய் தகப்பனைப் பார்த்தவர்கள். "உந்தச் சனத்துக்குள்ளே வர எனக்கு ஒரு நல்ல சேலை இல்லையடி" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அவர் எங்கள் காலத்தில் மாணவத் தலைவியாக இருந்தவர்.

பிறகு கொரோனா வந்தது. 2021 டிசெம்பரில் ஒன்ராறியோவில் வீட்டுக்குள் 10 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கட்டுப்பாடு. அது நீங்கி மண்டபங்கள் திறந்தபோது எங்களுடைய மூத்தவர்கள் பலர் கூட்டத்துக்கு அஞ்சினார்கள். சிலர் திறக்கும் நாள் வரை இருக்கவில்லை. மண்டபக்காரர் மட்டும் மாறவில்லை. அதே 300 சாப்பாடு.

அந்த வருடம் எங்களில் ஒருவர் பேரப்பிள்ளையின் வகுப்பு உலாவுக்குத் துணையாகப் போனார். ரொறன்ரோவுக்கு வெளியே, நகரசபைக்குச் சொந்தமான சிறிய அருங்காட்சியகம். அதன் வளவுக்குள் 1830களில் கட்டப்பட்ட ஒரு மரக்குற்றி வீடு. வாசலில் சிறு அறிவித்தல்: 40 பேருக்கு மேற்படாத கூட்டங்களுக்கு வாடகைக்கு விடப்படும். இடத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். அவர்களைப் பற்றிக் குறையும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

மரக்குற்றி வீடு என்றால் என்ன என்று இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மேல் கனடா என்று அந்த நாட்டின் அந்தப் பகுதி அழைக்கப்பட்ட காலத்தில், காடு வெட்டிக் குடியேறியவர்களின் முதல் வீடு அது. ஏழைகள் மட்டும் கட்டியது என்று நினைக்க வேண்டாம். முதல் ஆளுநர் சிம்கோ 1790களில் தன் மகன் பிரான்சிஸின் பெயரில் கட்டிய கோடை மாளிகையும் மரக்குற்றிதான். முன்னே நான்கு பைன் மரங்களைப் பட்டையோடு தூணாக நிறுத்திக் கிரேக்கக் கோவில் போலக் கட்டினாராம். அது 1829இல் எரிந்து போனது. காசில் பிராங்க் என்ற அதன் பெயர் மட்டும் இப்போது சுரங்க ரயில் நிலையம் ஒன்றுக்கு இருக்கிறது. எங்களில் பலர் அந்த நிலையத்தைத் தாண்டி வருடக்கணக்காக வேலைக்குப் போனோம், பெயருக்குள் ஒரு வீடு இருப்பது தெரியாமல். ஆளுநரின் எழுத்தர் ஜோன் ஸ்கடிங்குக்காக 1794இல் கட்டிய சிறு வீடு தப்பிவிட்டது. 1879இல் அதைக் கண்காட்சித் திடலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ரொறன்ரோவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடு அதுதான். ஓகஸ்டில் கண்காட்சி நடக்கும்போது உள்ளே போய்ப் பார்க்கலாம்.

காணி கிடைத்தவன் இரண்டு வருடத்துக்குள் 16 அடிக்கு 20 அடி வீடு கட்டி, நூறு ஏக்கருக்கு ஐந்து ஏக்கர் வீதம் வெட்டி வெளியாக்கி வேலியடைத்து, காணிக்கு முன்னால் றோட்டில் பாதியைத் துப்புரவாக்க வேண்டும், அப்போதுதான் உறுதி எழுதிக் கொடுப்போம் என்று 1818ஐ ஒட்டிய காலத்தில் அரசாங்கம் விதித்திருந்தது. உருண்டை மரத்தில் கட்டினால் வரி இல்லை, சதுரமாகச் செதுக்கிய மரத்தில் கட்டினால் வரி, மேலதிக புகைபோக்கி அடுப்புக்கு மேலதிக வரி. ஆகவே மரத்தைச் செதுக்காமலே வைத்திருந்தவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். சோலைவரி மதிப்பிட ஆள் வந்தால் நாங்கள் அலுமாரியை மறைத்ததில்லையா!

நாங்கள் எடுத்த வீடு செதுக்கிய மரத்தில் கட்டியது. வெள்ளைப் பைன். அகன்ற கோடரியால் இரு பக்கமும் தட்டையாக்கியிருக்கிறார்கள், கோடரி பட்ட தழும்பு இன்றும் கைக்குத் தட்டுப்படுகிறது. மூலையில் ஒரு குற்றியும் மற்றக் குற்றியும் புறாவால் போலச் சரிவாகக் கொளுவி நிற்கின்றன. அந்தச் சரிவு வெளிப்பக்கம் பார்த்தது, மழைத்தண்ணீர் உள்ளே தங்காமல் வழிந்து போகும். குற்றிகளுக்கு இடையில் உள்ள வெளியை மரச்சீவல், பாசி, களி, சுண்ணாம்புச் சாந்து கொண்டு அடைத்திருக்கிறார்கள். இந்த வீடு முதலில் நின்றது வேறிடத்தில். றோட்டு அகலிக்க வந்தபோது குற்றிக்கு ஒரு தகர இலக்கம் அடித்து, கழற்றி, ஏற்றிக் கொண்டுவந்து, இலக்கப்படி திரும்ப அடுக்கினார்களாம். நாங்களும் அப்படிக் கழற்றி அடுக்கப்பட்டவர்கள்தான் என்று ஓர் அக்கா சொன்னார், ஆனால் எங்களுக்கு ஒருவரும் இலக்கம் அடிக்கவில்லை, அதனால்தான் சில துண்டுகள் மாறிக் கிடக்கின்றன என்று. எல்லோரும் சிரித்தோம்.

வாடகைக்கு எடுப்பது எப்படி என்று லண்டன், சிட்னிக் கிளைகள் கேட்டிருந்தன. அந்த ஊர்களிலும் இப்படிப் பழைய வீடுகள், சிறு மண்டபங்கள் வாடகைக்கு உண்டு. ஆகவே விபரமாகச் சொல்கிறோம், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், இலாபநோக்கற்ற சங்கம் என்று பதிவிருந்தால் அதற்கான கட்டணத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். வாடகை மணிக்கணக்கு. கதிரை அடுக்கும் நேரமும் கூட்டித் துடைக்கும் நேரமும் அந்த மணிக்குள்தான் அடங்கும். எங்கள் முதல் கூட்டத்துக்கு நான்கு மணித்தியாலம் எடுத்து, இரண்டரை மணித்தியாலம்தான் கதைத்தோம். வைப்புப் பணம் கட்ட வேண்டும். இரண்டு மில்லியன் டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி ஒருநாளுக்கு எடுக்க வேண்டும். தொகையைக் கேட்டுப் பயந்தோம், கட்டணம் இரண்டு பிறந்தநாள் கேக்கின் விலைதான். 40 பேர் என்றால் கைக்குழந்தையும் சேர்த்து 40. நாற்பத்தொன்றாவது ஆளாக யாருடைய மகளோ "அம்மாவை விட வந்தனான்" என்று உள்ளே நின்றாலும் வந்து எண்ணுவார்கள்.

சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பசைநாடா ஒட்டக்கூடாது. ஒன்ராறியோவில் 1975ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட கட்டடத்தின் மரபுச் சின்னங்களில் கை வைக்க வேண்டுமானால் நகரசபையின் அனுமதி வேண்டும். எங்கள் பதாகையைக் கதிரையில் சாத்தி வைத்தோம். கல்லூரிச் சின்னம் பாதி மேசைக்குக் கீழே போய்விட்டது. அதற்கும் கதை வந்ததை அறிவோம்.

மலசலகூடம் வீட்டுக்குள் இல்லை. அறுபதடி தள்ளிப் புதிய கட்டடத்தில் இருக்கிறது. எழுபது தாண்டிய அக்காமாருக்குப் பனியில் அறுபதடி என்பது சின்ன விஷயமில்லை. ஆகவே டிசெம்பர் தொடக்கம் மார்ச் வரை நாங்கள் எடுப்பதில்லை. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை பின்வாசலில் இருந்தது. ஆனால் பின்வாசல் பூட்டியிருந்தது. முதல் நாள் முன்வாசலின் திறப்பும் நாற்பது நிமிடம் பிந்தித்தான் வந்தது. ஒக்ரோபர்க் குளிரில் இருபத்தெட்டுப் பெண்கள் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வளவில் நின்றோம். நாங்கள் சொன்ன குறை இதுதான். அதன்பிறகு அது நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது விளக்கு. குத்துவிளக்கு ஏற்றாமல் எங்கள் சங்கம் ஒரு கூட்டமும் தொடங்கியதில்லை. அந்த வீட்டுக்குள் மெழுகுதிரி, தீக்குச்சி எதுவும் கூடாது. இருநூறு வருடத்தை அண்டிய காய்ந்த பைன், அவர்கள் சொல்வது சரி. மின்கல விளக்கை வைப்போம் என்று இளையவர்கள், அது விளக்கா என்று மூத்தவர்கள். கடைசியில் அனுமதி கேட்டு வெளியே கல்படியில் வைத்து ஏற்றினோம். காற்றில் மூன்று தரம் அணைந்தது. நாலாம் தரம் ஐந்து அக்காமார் சுற்றி நின்று சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தார்கள். எரிந்தது. தேவாரம் முடியும்வரை எரிந்தது. பிறகு நாங்களே அணைத்துவிட்டு உள்ளே போனோம். மண்டபத்தில் பிரமுகர் ஐவரை மேடைக்கு அழைத்து ஏற்றிய காலத்தில் அந்த விளக்கை நாங்கள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

சமைக்க முடியாது, சூடாகக் கொண்டுபோகலாம். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. சொதி ஊற்றும்போது கொஞ்சம் நிலப்பலகையில் சிந்தியது. வாசலடியில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் பிடித்துவிட்டது. பராமரிப்பாளரான பெண்மணி ஓடிவந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். எந்தச் சவர்க்காரம் போடலாம், எது மரத்தைக் கெடுக்கும் என்று பெரிய புத்தகத்தைப் புரட்டினார். எங்களில் ஒருவர் சொன்னார், ஒன்றும் போடவேண்டாம், வெயில் விழும் நேரத்தில் கதவைத் திறந்துவிடுங்கள், மஞ்சள் கறை வெயிலுக்கு நிற்காது என்று. அவர் நம்பவில்லை. மூன்று வாரத்தில் மின்னஞ்சல் வந்தது, கறை போய்விட்டதாம். வைப்புப் பணம் முழுதாகத் திரும்பி வந்தது. இப்போது மற்றக் கூட்டத்தாருக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறாராம்.

சொல்லத் தயங்கிய ஒன்றும் இருக்கிறது. அந்த அக்காவின் அனுமதியோடுதான் சொல்கிறோம்.

முதல் கூட்டத்தன்று திறப்பு வந்து கதவு திறந்ததும் எல்லோரும் குளிருக்கு உள்ளே ஓடினோம். ஓர் அக்கா மட்டும் படியில் நின்றுவிட்டார். கை நடுங்கியது. முழங்கால் நோவாக்கும் என்று பிடிக்கப் போனோம். "நான் வரேல்லை, நீங்கள் போங்கோ" என்றார். தாழ்ந்த கூரை, அரை இருட்டு, பக்கத்துக்குப் பக்கம் அடுக்கிய குற்றி. எண்பத்தேழாம் ஆண்டு ஒக்ரோபரில் வளவுக்குள் வெட்டிய பதுங்குகுழிக்கும் பனங்குற்றிதான் அடுக்கியிருந்தது. அதற்குள் அவர் இருந்த நாட்களைப் பற்றி எங்களில் நெருங்கியவர்களுக்குத் தெரியும், யாரோடு உள்ளே போனார், யாரோடு வெளியே வந்தார் என்பதும் தெரியும். பனங்குற்றி அடுக்கியவர்கள் அன்று அங்கே வந்த எல்லோரும்தான். ஆனால் இந்த வீட்டைப் பிடிக்கும்போது ஒருவருக்கும் அது தோன்றவில்லை. "அழகாக இருக்கிறது" என்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். பிறகு இன்னொருவர். கால் மணித்தியாலத்தில் இருபத்தெட்டுப் பேரும் விறாந்தையிலும் புல்லிலும் குளிர்ச்சட்டையோடு இருந்தோம். வீட்டுக்குக் காசு கட்டிவிட்டு வெளியே இருக்கும் கூட்டத்தை அந்தப் பராமரிப்பாளர் அதற்குமுன் கண்டிருக்க மாட்டார். அவர் காரணம் கேட்டார், சொன்னோம். ஒன்றும் பேசாமல் போய்த் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்தார்.

300 பேர் மண்டபத்தில் அந்த அக்கா கதவடியில் நின்று திரும்பிப் போயிருந்தால் எங்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அடுத்த கூட்டம் மே மாதம். அவருக்கு அழைப்புப் போட்டோம், இடத்தை மாற்றுவோம் என்றும் சொன்னோம். மாற்ற வேண்டாம் என்றார். வந்தார், படியில் கொஞ்சம் நின்றார், பிறகு தானாக உள்ளே நடந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தெற்குப் பக்கம் திரும்பி, "இதுக்கு யன்னல் இருக்குப் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். யன்னலுக்குப் பக்கத்துக் கதிரை அன்றிலிருந்து அவருடையது.

நிலத்தைப் பற்றியும் ஒருநாள் பேச்சு வந்தது. கனடாவில் இப்போது கூட்டம் தொடங்குமுன், இந்த நிலம் ஆதியில் யாருடையது என்பதை ஏற்றுச் சிறு வாசகம் வாசிப்பது வழக்கம். பாடசாலைச் சபையில் வேலை பார்க்கும் எங்கள் தங்கை ஒருவர் வாசித்தார். மூத்த அக்கா ஒருவர் குறுக்கே கேட்டார்: "அப்ப இந்தக் காணிக்கு உறுதி ஆரிட்டை?" யாழ்ப்பாணத்தவருக்கு வரவேண்டிய கேள்விதான். தங்கை விளக்கினார். ரொறன்ரோ நகரம் நிற்கும் நிலத்தை மிசிசாகா மக்களிடமிருந்து வாங்கியதாக 1787இல் பிரித்தானியர் ஓர் உறுதி வைத்திருந்தார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால் அது வெற்றுத்தாள். தலைவர்களின் அடையாளங்கள் வேறு துண்டுகளில் இருந்து அதில் ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் மறுபடி எழுதினார்கள், 250,880 ஏக்கருக்கு 10 சிலிங். கடைசியில் 2010இல்தான் கனடா அரசு அந்த மக்களுக்கு 145 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்தது. கேட்ட அக்காவின் தகப்பனார் நொத்தாரிசு. "வெற்று உறுதியிலை ஒப்பம்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, காடு வெட்டி வீடு கட்டின அந்தக் குடும்பத்தின் படத்தைச் சுவரில் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் வேறு யாரோ குடியிருந்த காலத்தை நாங்கள் எல்லோரும் அறிவோம். இந்த வீட்டுக்காரரைப் பாவம் என்பதா, பிழை என்பதா என்று அன்று ஒரே அபிப்பிராயம் வரவில்லை. சாப்பாடு ஆறிவிட்டது.

இப்போது வருடத்தில் நான்கு தரம் கூடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து பேர். வகுப்புவாரியாகச் சில, ஊர்வாரியாகச் சில. பிராம்ப்ரனிலிருந்து வருபவர்களை ஏற்றிவரக் கார் முறை வைத்திருக்கிறோம். ரிக்கற் இல்லை. வாசலில் ஒரு தகரப் பேணி, போடுகிறவர் போடலாம், எவ்வளவு என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஒலிபெருக்கி வைக்க இடமில்லை, ஆகவே நீண்ட பேச்சும் இல்லை. கல்லூரிக் கீதத்தை மண்டபத்தில் இறுவட்டில் போட்டு வாயசைத்தோம். இங்கே வாயால் பாட வேண்டியிருந்தது. இரண்டாவது அடி பலருக்கு மறந்துபோனது அப்போதுதான் தெரிந்தது. நல்ல சேலை இல்லை என்று சொன்ன அந்த மாணவத் தலைவிதான் எடுத்துக் கொடுத்தார், கம்பளிச் சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு.

கல்லூரிக்குப் போகும் பணம் குறைந்ததா என்றால், முதல் வருடம் குறைந்தது. மறைக்கவில்லை. இரண்டாம் வருடமும் குறைவுதான். மூன்றாம் வருடம் டின்னர்க் காலத்துத் தொகைக்குக் கிட்ட வந்தது, செலவென்று பெரிதாக ஒன்றும் இல்லாததால். பெரிய ஒன்றுகூடலே வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இந்த நூற்றாண்டுக்கு மண்டபம் எடுத்துத்தான் கொண்டாடினோம். ஆனால் அதற்கு வந்தவர்களில் ஐம்பது பேராவது மரக்குற்றி வீட்டு வழியாகத் திரும்பி வந்தவர்கள்.

இனி உங்களிடம் கேட்க வந்தது.

விடுதியின் பழைய சாப்பாட்டு மண்டபத்தை இடித்து மூன்று மாடிக் கட்டடம் எழுப்பும் யோசனையைச் சுற்றறிக்கையில் பார்த்தோம். வகுப்பறை வேண்டும், மறுக்கவில்லை. நேற்றுப் போய்ப் பார்த்தோம். உடைந்த மேசை வாங்குகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. சீமை ஓட்டில் நான்கைந்து விலகியிருக்கிறது. பனஞ்சிலாகை பெரும்பாலும் உறுதியாக இருக்கிறது. சுவரின் கீழ்ப்பக்கம் பொருமியிருக்கிறது, அங்கே யாரோ ஒருகாலத்தில் சீமெந்து பூசியிருக்கிறார்கள். அந்த மரக்குற்றி வீட்டிலும் இதே நோய் இருந்தது. இடைவெளிகளில் சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சீமெந்து அடைத்தார்களாம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நின்று, கீழ்க் குற்றிகள் உக்கிப்போய், வெட்டி மாற்ற வேண்டி வந்தது. திரும்பச் சுண்ணாம்புக்குப் போன பிறகுதான் சுகப்பட்டது. எங்கள் சுவர் சுண்ணாம்புக் கல், சுண்ணாம்புச் சாந்து. சீமெந்தைத் தட்டிவிட்டுப் பார்க்க ஒரு மேசனைக் கூப்பிடுவதற்குக் கட்டடக் கணக்கர் தேவையில்லை.

வாடகைக் காசு அந்த வீட்டின் திருத்த வேலைக்குக் காணாது என்று பராமரிப்பாளர் சொன்னார், நகரசபைதான் மிச்சத்தைப் போடுகிறது. ஆனால் ஆட்கள் வரும் நாட்களில் கணப்பு எரிகிறது, யன்னல் திறக்கிறது, ஒழுக்கு இருந்தால் அன்றே தெரிகிறது. பூட்டிக் கிடந்த பத்து வருடத்தில் கெட்டதுபோல அது பிறகு கெடவில்லையாம். எங்கள் சாப்பாட்டு மண்டபம் எத்தனை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஊரில் முப்பது பேர் கூட இடம் எங்கே? அந்தியேட்டி முடிந்து சொந்தங்கள் இருந்து கதைக்க, ஒரு சிறு புத்தகத்தை வெளியிட, ஒரு வகுப்பார் ஒன்றுகூட என்றால், ஐந்நூறு பேர் கலியாண மண்டபம் அல்லது யாரோ வீட்டு விறாந்தை. இடையில் ஒன்றுமில்லை. அந்த மண்டபத்தைத் திருத்தி, மாணவிகள் இல்லாத வார இறுதிகளில் சிறு கூட்டங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். வேண்டிய விதிமுறைகளைக் கொண்டுவந்திருக்கிறோம், தமிழில் எழுதி. ஆணி கூடாது என்பது முதலாவது. விளக்கு ஏற்றலாம் என்பது இரண்டாவது. மூன்று மாடிக்கு, கிணற்றுக்கு வடக்கே உள்ள வெற்றுக் காணி போதுமா என்பதையும் அளந்து பார்க்கும்படி கேட்கிறோம். அளவு எடுக்கும் செலவை எங்கள் கிளை ஏற்கும்.

இந்த யோசனையை நிர்வாகசபை ஏற்குமோ தள்ளுமோ, அது உங்கள் தீர்மானம். அதற்கு முன் ஒரு சிறு விண்ணப்பம். நாங்கள் வருகிற செவ்வாய்க்கிழமை திரும்புகிறோம். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, ஊரில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகள் பதினேழு பேரோடு அந்த மண்டபத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்க விரும்புகிறோம். மேசை வாங்குகளை நாங்களே ஒரு பக்கம் ஒதுக்குவோம், கூட்டித் தருவோம், வாடகையும் தருவோம். ரசீது எழுதித் தர வேண்டும், முதலாவது ரசீது எங்களுடையதாக இருக்கட்டும். திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் கூட்டம் முடிவதற்குள் சொல்லுங்கள்.